தண்ணிக் கழிவு

மவுசாக்கலை வற்றிக் கிடந்த வருசம்,
பெரிய சனிக்கிழமை பொழுது சாய
ஏரியின் அடியிலே நடந்தோம்.
எட்டுப் பேர், ஒரு டோர்ச்.
மூழ்கிய பழைய மஸ்கெலியாவின்
கோவில் படிக்கட்டு,
யாருடையதோ கடையின் சீமெந்துத் தரை,
பாண் தோல் போல வெடித்த சேறு.
சுற்று ரோட்டில் போனால் ஐந்து மைல், பஸ்ஸும் இல்லை.
"கடல் திரும்பி வந்தா என்ன செய்ய?" என்று
சலேத்தம்மா சிரித்தாள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
எட்டி நடந்தோம்.

கோவில் வாசலில் செருப்பைக் கழற்றினேன்.
பாதத்தில் சாம்பல் நிறச் சேறு,
அதோடே ஏறி
மூன்றாம் வாசகம் படித்தேன்.
கடல் இருபுறமும் மதிலாய் எழும்பிய இடத்தில்
எங்கள் கதை நாக்கின் குறுக்கே வந்து விழுந்தது.

எங்களுக்குப் பிளக்கவில்லை கடல்.
தோணி ஏறினோம், மன்னாரில் இறங்கினோம்,
காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தோம்,
பேதி கண்டவர்களை வழியிலே விட்டோம்.
தாண்டிய பிறகுதான் எகிப்து.

பிற்பாடு இரண்டு அரசாங்கங்கள்
எங்களைத் தலை எண்ணிப் பங்கிட்டன.
என் சின்னம்மா வீட்டார் ரயிலேறி
திரும்பவும் அதே கடலைத் தாண்டினார்கள்.
கானானா அது, இன்னொரு எகிப்தா?
கோத்தகிரியிலிருந்து வந்த ஒரே கடிதத்தில்
அதே குளிர், அதே கொழுந்து என்றிருந்தது.

வாசகத்தில் குதிரைகளும் மூழ்கும்.
வருசா வருசம் அந்த வரியில் குரல் தடுக்கும் எனக்கு,
குதிரை என்ன பாவம் செய்தது என்று.
இந்த முறை தடுக்கவில்லை.
மூன்றாம் வாங்கில் நின்றிருந்தார்
கணக்கப்பிள்ளை கபிரியேல்.
எங்கள் கொழுந்தை நிறுக்கிறவர்.
ஈரம் என்று நிறுவைக்கு ரெண்டு கிலோ கழிக்கிறவர்,
மலை வெயிலில் காய்கிற நாளிலும்.
"தண்ணிக் கழிவு" என்பார்,
பேனையை மூடுவார்.
அந்த ரெண்டு கிலோவில்
எத்தனை நாள் அரைப்பேர் ஆனது என் பேர்!
தேர்ச் சக்கரங்கள் சேற்றில் புதைந்ததை
அவர் முகத்தைப் பார்த்தே படித்தேன்.
ஆண்டவரே,
ருசியாக இருந்தது.

பிறகு தண்ணீர் மந்திரித்தார் சாமியார்.
பாஸ்காத் திரி மூன்று தரம் இறங்கி ஏறியது.
ஞானஸ்நானத்துக்கு ஒரே பிள்ளை அன்று:
கணக்கப்பிள்ளையின் பிந்திப் பிறந்த மகள், ஏழு மாதம்.
தலையில் தண்ணீர் விழுந்ததும்
கோவில் அதிரக் கத்தினாள்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
அக்கரை ஏறுவதற்காக இந்தத் தண்ணீரில்
நானும் ஒருநாள் மூழ்கினேன்,
அவரும் மூழ்கினார்.
பார்வோனைத் தனியாக மூழ்கடிக்கிற கடல்
இங்கே இல்லை.
அவன் என்னிலும் கொஞ்சம் நீந்துகிறான்:
ருசி கண்டேனே, அங்கே.
மூன்றாம் நாள் ஏறி வந்த ஒருவர்
யார் யார் கையைப் பிடித்து ஏற்றுகிறார் என்று
என்னைக் கேட்கவில்லை.

திரிகள் கைமாறின. ஜன்னல் காற்றில்
என்னுடையது அணைந்துபோனது.
பக்கத்தில் வேறு யாரும் இல்லை.
அவர் தன் திரியைச் சாய்த்தார்.
மெழுகு என் விரலில் சொட்டியது.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அப்பம் வாங்கியபோது ரொட்டி ஞாபகம்.
விடியப் பெரட்டுக்கு முன் நான் தட்டிச் சுடுவதும்
புளிக்க நேரமில்லாத மாவுதான்.
நூற்றைம்பது வருசமாக
இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டே தின்கிறோம்,
புறப்படுகிறவர்கள் மாதிரி.

திங்கட்கிழமை. நல்ல வெயில்.
கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினேன்,
முள் ஒன்பதில் நின்றது.
"தண்ணி..." என்று தொடங்கினார்.
"எந்தத் தண்ணி, ஐயா?" என்றேன்.

பின்னால் வரிசையில் பேச்சு நின்றது.
அவர் முள்ளைப் பார்த்தார்,
என் விரலில் மெழுகு சுட்ட இடத்தைப் பார்த்தார்.
பேனை
இன்னும் திறந்தே இருந்தது.