கால் சுற்று

கொய்யைக்கேயில் ஜூலை மாதம், கடுங்குளிர்.
தகரக் கூரையின் ஒரு மூலையைக்
காற்று நகத்தால் நெம்பிக்கொண்டே இருக்கிறது.

கொட்டகைக்குள் யாஸ்னாவின் சி.என்.சி. எந்திரம்
கீழ்வரியைக் குடைந்து முடித்துவிட்டது: உலர்ந்தது.
மேல்வரியின் நான்கு எழுத்தும் முடிந்தன.
மிச்சம் ஓர் அலை,
மூன்றாம் எழுத்தின் தலைக்கு மேல்
கட்டைவிரல் அகலத்தில் ஒரு நெளிவு.

அதற்காகத்தான் மேலே ஏறப் பார்த்தது.
ஏறவில்லை.
ங்ங்ங் என்றது.
நின்ற இடத்திலேயே பல்லைக் கடித்தது.

நமக்கு ன வேறு, ஞ வேறு.
அங்கே இரண்டுக்கும் ஒரே உடம்பு,
தலையில் அலை இருந்தால் ஞ, இல்லையென்றால் ன.
லேஞா என்றால் விறகு.
லேனா என்றால் யாரோ ஒருத்தி.

பலகை கேட்டவர் ஒவிதியோ பர்ரியா,
பக்கத்து மனையில் விறகு விற்கிறவர்.
எட்டிப் பார்த்து வாசித்தார்.
"உலர்ந்த லேனா.
என் வீட்டுக்காரியிடம் இதை யார் விளக்குவது?"
பிறகு, கோடாலி பிடித்த கைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்:
"ஓர் அடி போடு."

அடிக்கவில்லை.
தவணையில் வாங்கியது, இன்னும் மூன்று பாக்கி.
பகலில் அவளுக்குப் பல் மருத்துவமனையின் முன்மேசை.
எந்தப் பல் வலிக்கிறதென்று நோயாளிக்கே தெரியாதபோது
மருத்துவர் பக்கத்துப் பல்லையும் தட்டிப் பார்ப்பார்.

முதலில் மின்சாரத்தை அணைத்தாள்
(அணைக்காமல் பிடுங்கினால் என்ன கருகும் என்பது
போன வருடம் ஒரு வாரச் சம்பளம் கொடுத்துக் கற்றது).
எக்ஸின் வயரை ஒய்க்கு,
ஒய்யின் வயரை எக்ஸுக்கு.
எக்ஸ் மோட்டார் கடன் வாங்கிய வயரிலும் ஜம்மென்று ஓடியது.
ஒய் எந்த வயரிலும் ங்ங்ங்.

ஆக மின்சாரம் நிரபராதி.
ஒன்றரை மணி நேரம் அதைத்தான் திட்டியிருந்தாள்.

இணைப்பைத் தளர்த்தி
மோட்டாரைத் தனியாக விட்டாள். சுற்றியது,
பள்ளி விட்ட பையன்போல.
திருகுதண்டை விரலால் உருட்டினாள்.
உருண்டது, உருண்டது, உருண்டது,
ஓரிடத்தில் விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு மறுப்பு.
பென்சிலால் கோடு போட்டாள்.
தூளைத் துடைத்தாள். அதே கோடு.
எண்ணெய் விட்டாள். அதே கோடு.
ஒவிதியோ போய், ரொட்டியோடு திரும்பி வந்தார்.
அதே கோடு.

ரொட்டியை மெல்லும்போது ஞாபகம் வந்தது
போன ஞாயிறு.
புயல் இரவு, கொட்டகையில் ஏதோ கடகடத்தது.
எழுந்து வந்து, கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம்
உடம்பின் மொத்த பலத்தோடு முறுக்கிவிட்டுத் தூங்கப் போனாள்.
இந்த ஊரில் தளர்ந்ததை யாரும் நம்புவதில்லை.
தளர்ந்த தகரம் அடுத்த தெருவில் கிடக்கும்.
தளர்ந்த தொப்பி அர்ஜென்டினாவில்.

வலது தண்டவாளம், மேல்முனை, உள்பக்க போல்ட்.
மயிரிழை உள்ளே இழுத்திருந்தது.
மேலே போகப்போக இரண்டு தண்டவாளமும் நெருங்கி
நடுவில் போகிறதன் விலாவைப் பிடித்திருக்கின்றன.

கால் சுற்று.
இடப்பக்கம், கால் சுற்று, அவ்வளவுதான்.
பிறகு வண்டியைக் கையால்
மேலும் கீழும் நாலுமுறை நடத்தினாள்,
தண்டவாளம் தனக்கு வசதியான இடத்தில் உட்காரட்டுமென்று.
திரும்ப முறுக்கும்போது இரண்டே விரல்.

இதற்குள் எந்திரம்
தன் பூஜ்ஜியம் எங்கே என்பதை மறந்திருந்தது.
கண்ணளவில் வைத்து ஓட்டினாள்.
அலை விழுந்தது,
ஆனால் நேர்தலையில் அல்ல,
இரண்டு மில்லிமீட்டர் வலப்பக்கம்.

ஒவிதியோ தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
"தொப்பி பறக்கப் போகிறது," என்றார்.
"இருக்கட்டும். விறகுதானே."
பலகையைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு
கதவை இரு கையாலும் சாத்திவிட்டுப் போனார்.

கூரையின் மூலை இன்னும் நெம்பப்படுகிறது.
அவள் விளக்கை அணைக்கவில்லை.
எந்திரத்தில் இன்னும் பதினொரு போல்ட்.
எல்லாம்
அதே ஞாயிறு இரவு முறுக்கியவை.