ஏழாம் கட்டை

ஏழாம் கட்டையோடு தார் முடிந்துவிடும்.
மேலே கிடக்கிற பாதை
தோட்டத்துடையது என்கிறது பிரதேச சபை;
சபையுடையது என்கிறது கம்பெனி.
மழை இருவரையும் கேட்பதில்லை.

இந்த வருசம் என் ஆட்டோவுக்கு
பேரிங் ஐந்து, சொக்கப்சர் மூன்று.
கீழ்க்கணக்குப் போக்கு உடைந்ததிலிருந்து
அங்கே ஆட்களை இறக்கி
வெறும் வண்டியை உருட்டிக் கடத்தி
அந்தப் பக்கம் ஏற்றிக்கொள்கிறேன்.
"பாதி தூரம் நாங்கதானே நடந்தோம்" என்று
ஐம்பது ரூபாய் குறைத்துத் தருவார்
பீலிக்கரை லயத்து அந்தோனிமுத்து.

ஐப்பசியில் ஓர் இரவு
புவனேசுக்கு வலி.
போக்கில் அவளையும் இறக்கினேன்.
டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு பலகை,
முன்னே கணவன், பின்னே மாமியார்,
நடுவில் அவள் கால் தேடித் தேடி வைத்தாள்.
கீழே தண்ணீர் கற்களை உருட்டிக்கொண்டிருந்தது.

ஏற்றி, எடுத்தேன்.
மூடுபனியில் விளக்கு எட்டு முழம்கூடப் போகவில்லை.
பின்சீட்டில் ஓர் அலறல்,
பிறகு ஓர் அழுகை, மிகச் சின்னது.

பதிவாளர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்:
"பிறந்த இடம்?
கட்டைக்கு மேலேயா, கீழேயா?"

புவனேசு என்னைப் பார்த்தாள்.
அந்த நேரம் வண்டி குலுங்கியதா, இல்லையா
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.