எடை

ஈரோடு. பெருந்துறை ரோட்டில் மூணாம் மாடி.
சீட்டுக் கம்பெனிக்குள் இருபத்தாறு பேர்,
அதில் ஒருத்தர் கையில் மண்ணெண்ணெய்க் கேன்.
கீழே பேக்கரியில் உட்கார வைத்துக் கேட்டார்கள்:
"ஏனுங் டாக்டரம்மா, ஏசி குழாயில விட்டா
அத்தன பேரும் தூங்கீருவாங்கல்லங்?"

எடை என்ன என்றேன்.
கேன் இருபது லிட்டர் என்றார் அதிகாரி.
ஆட்களின் எடை.

தியேட்டரில் எனக்கு ஒரு நேரத்தில் ஒரே ஆள்.
காலையில் இட்லி தின்றீர்களா, பல்செட் உண்டா,
மாடி ஏறினால் இளைக்குமா, இதெல்லாம் கேட்டுத்தான் ஊசி.
ஊசிக்கு அப்புறமும் தாடையை விட்டுக் கை நகராது.
தூங்க வைக்க யாருக்கும் வரும்.
தூங்குகிறவரோடு விழித்திருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

இதையெல்லாம் சொன்னேனா?
பாதி சொன்னேன்.
"ஒம்பது மணிக்குள்ள முடிச்சாகோணுங்."
தாள் நீட்டினார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.

ஒரு தோட்டா செலவில்லை.
சத்தம்கூட இல்லை, யாரோ நாற்காலியோடு சாய்ந்ததைத் தவிர.
தூக்கி வந்து ரோட்டில் போட்டார்கள்,
மார்க்கெட்டில் மஞ்சள் மூட்டை அடுக்குகிற மாதிரி,
வரிசை பிசகாமல், எல்லாரையும் மல்லாக்க.
ஒருக்களிச்சுப் போடுங்க, ஒருக்களிச்சு என்று கத்தினேன்.
நாக்கு பின்னால் சரியும் என்று அந்தப் பையன்களுக்கு
சாயங்காலமே யாராவது சொல்லியிருக்கலாம்.
யாராவது என்றால் நான்.

எனக்கு இரண்டு கை.
பக்கத்தில் கிடந்தவரின் தாடையைத் தூக்கினேன்.
விரலில் மண்ணெண்ணெய் நெடி.
தெரிந்துவிட்டது. விடவில்லை.
சென்னியப்பன் ஒரு குறட்டை விட்டு
மூச்சுக்குத் திரும்பினார்.
"அம்மா, இவன்தானுங் அவன்" என்றார் கான்ஸ்டபிள்.
அடுத்த ஆள் கேஷியர் கருணாம்பிகை.
தலையில் பூ வாடவில்லை,
உதடு நாவற்பழம்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து போன்:
"என்ன மருந்துங் மேடம், பேரை மட்டும் சொல்லுங்க,
இங்க வரிசையா வந்துட்டே இருக்காங்க."
அதிகாரி தலையாட்டினார், கூடாதென்று.
மூச்சைப் பாத்துக்குங்க என்றேன்.
அதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு.

மறுநாள் பேப்பரில் இருபத்தாறு பேரும் மீட்பு.
சரிதான். உள்ளே ஒருத்தரும் மிச்சமில்லை.

அப்புறம் வந்த தாள்களில் ஒன்றில்
நான் கேட்ட விவரம் இருந்தது,
பிணவறைத் தராசு போட்டது.
கருணாம்பிகை,
நாற்பத்தொன்பதரை கிலோ.