செவ்வாயும் வெள்ளியும்

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை.
அதே இரண்டு நாளும் ஆறரைக்கு
உவர்மலையில், ஒரு தேவாலயத்தின் பின்னறையில்
எனக்குக் கூட்டம்.
"அவர் கோணேசரிட்டப் போறவர்" என்று
பக்கத்து வீட்டுக்கு யோகமலர் சொல்லி வைத்திருக்கிறாள்.
முழுப் பொய்யும் இல்லை,
எப்படியும் ஒரு ஏற்றம் ஏறத்தான் வேண்டும்.

பதினொரு மாதமும் நாலு நாளும்.
எண்ணாதேங்கோ என்கிறாள்.
எண்ணும்போது என் முகம்
வட்டிக்காரன் முகம் போலிருக்கிறதாம்.

பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரை.
ரிஸ்வி பிளேன்ரீ ஊற்றுவான், சீனி தாராளம்:
எங்கள் எல்லோருக்கும் இப்போது இனிப்பில் வெறி.
சேமசிங்க 'அத விதரய்' என்பார்.
செலஸ்ரீன் அண்ணன் 'இன்றைக்கு மட்டும்' என்பார்.
இரண்டு பாசைக்காரர் ஓர் அறையில் இருந்து
ஒன்றையே சொல்லி நான் முன்பு கேட்டது
தவறணையில்தான்.

அங்கே நான் நல்லாய்க் கதைப்பேன்.
மூதூர் லாஞ்சில் விழுந்து கிடந்து
அக்கரைக்கும் இக்கரைக்கும் மூன்று முறை போய்வந்த கதைக்கு
அறையே சிரிக்கும்.
வீட்டில் அந்தக் கதைக்குச் சிரிப்பில்லை.
அன்றைக்கு
வயிற்றில் பிள்ளையோடு இறங்குதுறையில் நின்றவள் அவள்.

போன வெள்ளி
ஜனுசிகாவின் கணித ரியூசன் ஆறேகாலுக்கு மாறிவிட்டது.
"சேருக்கு வேற நேரம் ஏலாதாம்" என்றாள் பிள்ளை,
தன் பிழை போல.
யோகமலருக்கு ஆஸ்பத்திரியில் இரவுக் கடமை.
யூனிபோமை அயன் பண்ணிக்கொண்டே
திரும்பாமல் சொன்னாள்:
"முந்தியும் பின்னேரத்தில நீங்க இல்ல.
இப்பவும் பின்னேரத்தில நீங்க இல்ல.
மணம்தான் மாறியிருக்கு."

கோபம் வந்தது. பழைய இடத்திலேயே வந்தது,
நெஞ்சுக்குழிக்குக் கீழே,
ஒரு கால் போத்தல் அளவுக்கு.
பதிலும் இருந்தது:
அங்கே போகாவிட்டால் நான் இங்கேயும் இல்லை.
உண்மையான பதில்.
உண்மை என்பதால் எறியவும் வசதி.
எறியவில்லை.
ஆட்டோத் திறப்பை எடுத்தேன்.

லிங்கநகர். ரியூசன் கொட்டிலுக்கு வெளியே
பின்சீற்றில் நான்.
ஆறரை. ஆறு ஐம்பது.
இப்போது ரிஸ்வி கேத்திலைத் தூக்கியிருப்பான்.
இப்போது என் கதிரையில் யாரோ
தன் ஹெல்மெற்றை வைத்திருப்பான்.
மான்கள் வந்தன, ஊர் மான்கள்,
குப்பைமேட்டில் வளர்ந்தவை.
ஒரு கொம்பன் லஞ்ச் சீற்றை மென்றபடி
என்னையே பார்த்தது.
சந்தித் தவறணையில் பச்சை லைற் பற்றியது.
எவ்வளவு தூரம் என்று நான் அளந்ததில்லை.
கால் அளந்து வைத்திருக்கிறது.

செலஸ்ரீன் அண்ணனுக்கு அடித்தேன்.
"எங்கயடா?"
"பிள்ளையின்ர ரியூசனடியில."
'அதுவும் கூட்டம்தான்' என்பார் என்று நினைத்தேன்.
அப்படி ஒன்றும் சொல்லவில்லை.
"பக்கத்தில என்ன இருக்கு?" என்றார்.
சொன்னேன்.
"அப்ப போனை வைக்காத."

மேசையில் போனைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.
முக்கால் மணித்தியாலம்
கதிரை இழுபடுகிற சத்தம்,
கோப்பைகள், ஒருவரின் இருமல்,
ஒருவர் அழுவதோ சிரிப்பதோ.
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
காதில் வியர்வை வழிய வழியக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"யாரோட கதைக்கிறீங்க?"
புத்தகப்பையோடு பிள்ளை நின்றாள்.
"கதைக்கேல்ல. கேட்கிறன்."
கேட்கத் தனக்கும் வேண்டும் என்று கை நீட்டினாள்.
கொடுக்கவில்லை. அது என்னுடையது மட்டுமல்ல.
முகம் கறுத்தாள். போகும் வழியில்
ஒரு ஐஸ் பழம் சமாதானம் செய்தது,
எனக்கும் ஒன்று.

விடிய, கடமை முடிந்து வந்தவள்
செருப்பைக் கழற்றியபடி கேட்டாள்:
"உங்கட ஆக்கள் ஞாயிறில வைக்கமாட்டாங்களோ?"
தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.
பக்கத்து வீட்டுக்கு அப்போது
என்ன சொல்வாள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு எங்கள் வீட்டில் மீன்.
பாரையோ சூரையோ, வெட்டுவது நான்,
பதினொரு மாதமாய்.
விரல் பத்தும் இருக்கிறது.