கட்டாயப் புலம்

பிழை எண் இருபத்தோராயிரத்து நானூற்று ஏழு.
அனுப்பியவர்: துலம்சுரேன், அர்ஹங்காய், மங்கோலியா.
நூலகம்: ஒரு பழைய வேன்.
மென்பொருள்: நம்முடையது.

"வாசகரின் தெருப்பெயரைக் கொடுக்காமல்
அட்டை போட முடியவில்லை.
இங்கே தெரு இல்லை."

நான் தார்த்துவில்.
ஜன்னலுக்கு வெளியே என் தெருவின் பெயர்ப்பலகைமேல்
பனி உதிர்ந்துகொண்டிருந்தது.
ஒற்றை வரியில் பதில் எழுதினேன்:
இது பிழையல்ல, பயனரின் கவனக்குறைவு.
மூடினேன்.
சம்பளமில்லாத வேலை, இரவு பதினொன்றரை,
எனக்கும் கொஞ்சம் கடுப்பு உண்டு.

மறுநாள் அதை அவர் திறந்து வைத்திருந்தார்.
திறந்த மூலத்தில் இது ஒரு தொல்லை,
மூடியதையும் யாராவது திறந்துவிடுவார்கள்.

இரண்டு வருடமாக இப்படித்தான் சமாளித்திருக்கிறார்:
தெரு என்ற கட்டத்தில் ஒரு புள்ளி.
சிவப்பு நட்சத்திரக் குறி
புள்ளியைப் பார்த்துச் சமாதானமாகிவிடும்.
வசந்தத்தில் ஆற்றங்கரை, கோடையில் மலைச்சரிவு,
பனிக்கு முன்னால் வேறொரு பள்ளத்தாக்கு என்று
ஆடுகளின் பின்னால் போகிற
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்
எங்கள் தரவுத்தளத்தில் மட்டும்
ஒரு புள்ளிக்குள் குடியிருந்தார்கள்.

அதுவரை சரி.
போன வெளியீட்டில் நான்தான்
புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தேன்.
ஒரு வீட்டுக்குப் பத்துப் புத்தகம்.
மென்பொருள் கணக்குப் போட்டது:
ஒரே முகவரி, ஒரே வீடு,
முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து.

பதினோராவது புத்தகம் கேட்டவர் கொம்போஜாவ்.
குதிரைக்குக் குளம்பு அழுகல்,
மருத்துவக் கையேடு வேண்டும்.
இன்னொரு குதிரையில் நாற்பது கிலோமீட்டர் வந்தவரிடம்
திரை சொன்னது:
உங்கள் வீட்டார் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்.

"எந்த வீட்டார்?" என்று சிரித்தாராம்.
துலம்சுரேன் தன் அட்டையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

படித்து முடித்து நான் எழுதியது இவ்வளவுதான்:
திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறேன்.
மன்னிப்பு மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன்.
இருக்கவில்லை.

அவர் நிரல் எழுதுகிறவர் அல்ல.
முதல் முயற்சியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது.
இரண்டாவது, சோதனையில் நாற்பத்தாறு இடங்களில் சிவந்தது.
மூன்றாவது வர ஐந்து வாரம்.
வேனில் என்ஜின் ஓடும்வரைதான் மின்சாரம்.
டீசலை அளந்து அளந்து எழுதிய நிரல்.

பதினேழு வரி நீக்கம், நான்கு வரி சேர்ப்பு.
முகவரி இருந்தால் எழுது.
இல்லையென்றால் விடு.
வெற்றிடமும் வெற்றிடமும்
ஒரே வீடு ஆகாது.

அந்தக் கடைசி வரியில் ஏதாவது குறை இருக்கும் என்று
வெகுநேரம் தேடினேன்.
இணைத்தேன்.

பிறகு மார்ச்.
நானும் மாரிக்காவும் பேசிப் பேசி ஓய்ந்துபோன மார்ச்.
ஒரு பை, ஒரு மடிக்கணினி,
உர்மாஸின் வீட்டு சோபா,
அதுவும் வெள்ளிக்கிழமை வரை.
என் பழைய நூலக அட்டை
அந்த வீட்டு இழுப்பறையில் எங்கோ கிடந்தது.
இரவுகளைத் தள்ள ஒரு தடித்த நாவல் வேண்டும்.

மேசைக்குப் பின்னாலிருந்த வீர்வே கேட்டார்:
முகவரி?

முகம் இருந்தது.
வரி வரவில்லை.

என் வாய் திறந்து மூடியதைப் பார்த்துவிட்டு
"விடுங்கள், இப்போதெல்லாம் கட்டாயமில்லை,
காலியாகவே ஏற்றுக்கொள்ளும்" என்றார்.

யார் எழுதியது தெரியுமா என்று
சொல்ல வாயெடுத்தேன்.
எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.

ரசீது வந்தது.
என் பெயர்.
அதன் கீழே, தெரு இருக்கவேண்டிய இடத்தில்,
ஒரு வரி அளவுக்குக் காகிதம் சும்மா ஓடியிருந்தது.
காலியாக இருந்தால் அந்த வரியையே விழுங்கிவிடு என்று
அச்சுக்குச் சொல்ல மறந்திருக்கிறோம்.

சின்னப் பிழை. பத்து நிமிட வேலை.
இன்னும் நான் அதைப் பதிவு செய்யவில்லை.