இறங்கிக் கேள்

பெருங்குடியில் ஒரு கட்டடம்.
மேலே ஏழு மாடி வர வேண்டியது, வழக்கில் நிற்கிறது.
கீழே மட்டும் இரண்டு தளம் தோண்டி முடித்துவிட்டார்கள்.
மாதம் பதினோராயிரம் வாடகைக்கு
அந்த இருட்டை எடுத்தோம்.

சென்னையில் சுரங்கம் கிடையாது.
கடலுக்குச் சமமாக ஊரை வைத்துக்கொண்டு
ஆயிரம் அடி ஆழத்தில் பறக்கப் பழக்குகிறோம்
ஒன்றே முக்கால் கிலோ ட்ரோன் ஒன்றை.
அங்கே செயற்கைக்கோள் பேசாது.
காந்த முள்ளைத் தண்டவாளம் ஏமாற்றும்.
சுவரைத் தடவித் தடவித்தான் போக வேண்டும்,
கரண்ட் போன வீட்டில்
தீப்பெட்டி தேடுகிற மாதிரி.

தூசிக்கு எங்கே போவது?
தணிகாசலம் கந்தன்சாவடிக் கடையில்
கோலமாவு வாங்கிவந்தான், இரண்டு மூட்டை.
"வீட்ல விசேஷமா?" என்றாளாம் கடைக்காரி.
கொட்டிப் பரப்பினோம். பறக்கவிட்டோம்.
தன் விசிறி கிளப்பிய மாவைத்
தானே சுவரென்று நம்பிப்
பின்னால் போய்ப் பின்னால் போய்
நிஜச் சுவரில் மோதி விழுந்தது.
சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.
போன வேலையை நான் விட்டதும்
ஏறக்குறைய இப்படித்தான்.

ஒரு முறை அனுப்பிய லேசர்
பல முறை திரும்பி வரும்.
முதலில் வருவது தூசி.
கடைசியில் வருவதை நம்பு என்று எழுதினேன்.
மூன்று வரி. மூன்று வாரம்.

அப்புறம் அந்த நாற்பது.
பேட்டரி நாற்பது விழுக்காட்டுக்கு இறங்கினால்
எங்கிருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது என் கட்சி.
விலை நாலரை லட்சம்.
கூரை சரிந்த பாதையில் யார் போய் எடுத்து வருவது?

தன்பாத்திலிருந்து மஹதோ பேசினார்.
மீட்புக் குழுவில் இருபது வருஷம்.
"அகப்பட்டவன் கத்த மாட்டான் மேடம்,
கத்தினால் காற்று செலவு.
கல்லை எடுத்துக் குழாயில் தட்டுவான்.
உங்கள் மெஷினுக்கு அது கேட்குமா?"

கேட்காது.
நாலு விசிறி போடும் இரைச்சலில்
அதற்கு எதுவும் கேட்காது.
மைக்கை மாற்றினோம். நுரை சுற்றினோம்.
இரைச்சலைக் கழிக்கும் கணக்குகள் போட்டோம்,
கழிந்தது, கூடவே தட்டும் சத்தமும் கழிந்தது.
வடையைப் பிட்டுக்கொண்டே தணிகாசலம்தான் சொன்னான்:
"இறங்கிக் கேக்கட்டுமே."

பறப்பதற்கென்று செய்ததற்கு
உட்காரக் கற்றுக்கொடுத்தோம்.
நூறடிக்கு ஒரு தரம் இறங்கு.
விசிறியை நிறுத்து.
ஒரு நிமிஷம் சும்மா இரு.
கேட்டால், நாற்பதை மற.

நேற்று ராத்திரி முழுச் சோதனை.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
இரண்டாம் தளத்துக்குள் போனதும் சிக்னல் அறுந்தது.
படியில் உட்கார்ந்திருந்தோம்.
நாலு நிமிஷம். ஏழு. பதினொன்று.
டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினோம்,
கணுக்கால் வரை தண்ணீர்.

மூலையில், சம்ப் மோட்டார் மேடை மேல்
குந்தியிருந்தது.
எதிரே காவலாளி கஃபூர்.
சாப்பாட்டு டப்பா மூடி திறக்காமல்
தூணில் தட்டிக்கொண்டிருந்தார்.
டொக். டொக். டொக்.
"வந்ததுலேருந்து என்னையே பாத்துட்டு உக்காந்திருக்கும்மா.
பசிக்குதா அதுக்கு?"

பதிவில் இருந்தது இவ்வளவுதான்:
தட்டும் சத்தம், ஒன்பதடி.
பேட்டரி முப்பத்தொன்று.
திரும்பவில்லை.