கரை

ராத்திரி ஒன்றே கால்.
செல்லூரில் எங்கள் கடை மெஷின் மட்டும்தான்
முழித்திருக்கிறது.
அதன் தலை இடமும் வலமும் ஓட ஓட
பத்துக்கு இருபது அடியில்
மாமன்ற உறுப்பினர் ஜெயவீரன்
முதலில் நெற்றியாக வருகிறார், அப்புறம் கண்ணாக.
கும்பிட்ட கை வெளியே வர
இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்.

முகங்களின் அளவு எனக்கு அத்துப்படி.
தலைவருக்கு நாலடி, மந்திரிக்கு மூன்று,
மாவட்டத்துக்கு இரண்டே கால்.
போன மாதம் இரண்டே காலில் இருந்தவர்
இந்த மாதம் ஸ்டாம்பு சைசுக்கு வந்தால்
பேப்பர்க்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

கீழே வரிசை கட்டி நிற்கிற சின்ன முகங்கள்தான்
கணக்கு நோட்டு.
இவர், வாராத சாக்கடைக்குத் தூர் வாரிய பில் வாங்கியவர்.
இவர், கழிப்பறைக் குத்தகை.
இந்தக் கூலிங்கிளாஸ்
ஒத்தப்பனைக் கண்மாய்க்குள் நாற்பது பிளாட் போட்டவர்.
தன் படத்துக்குப் பின்னால் நீலம் கேட்டார்:
"தண்ணி மாதிரி குளுகுளுன்னு இருக்கட்டும்மா."

வாசகத்தை நாகு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்:
'கரை படியாத கைக்குச் சொந்தக்காரரே!'
சின்ன ர.
"வல்லின ற வரணும்ணே" என்றேன்.
"ஓட்டுப் போடுறவன் என்ன தமிழ் வாத்தியாரா?
போன தடவையும் இதானே போட்ட."

டைப் அடித்து முடித்த பிறகுதான் பட்டது
பிழையில்லை.
ஒரு கண்மாய்க் கரையையே கரைத்த கை.
எந்த வேட்டிக் கரையும் ரொம்ப நாள் ஒட்டாத இடுப்பு.
போன மார்ச்சில் அவர் கட்சி மாறிய சாயங்காலம்
புதுப் படம் எடுக்க நேரமில்லை.
பழைய படத்தைத் திறந்து
கரையை மட்டும் தேர்ந்தெடுத்து
வேறு நிறம் ஊற்றினேன்.
பதினோரு நொடி.
சிரிப்பைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

நான் மட்டும் என்ன.
தம்பி கார்மேகத்துக்கு
மாநகராட்சித் தண்ணீர் லாரியில் டிரைவர் வேலை.
மூணு லட்சம் என்றார்கள்.
என் சங்கிலி, சீட்டுப் பணம், எல்லாம் சேர்ந்து
ஒன்றரைதான் தேறியது.
"மீதியப் பேனர்ல கழிச்சுக்கலாம்மா,
நீ நம்ம பிள்ள."
ரோல் காசை ஹனிபா அண்ணன்
என் சம்பளத்தில் பிடிக்கிறார்.
கழிகிறது.
சதுர அடி சதுர அடியாக
நான்தான் கழிகிறேன்.

கார்மேகம் லாரி ஓட்டுகிறான்.
தினமும் ஆறு நடை,
அந்த நாற்பது பிளாட்டுக்கு.
நானூறு அடி போர் போட்டும்
அங்கே புகைதான் வருகிறதாம்.
"கண்மாய்க்குள்ள நின்னு
குடத்துல தண்ணி பிடிக்கிறாங்கக்கா" என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கும்பிட்ட கை வந்துவிட்டது.
மை காயட்டும் என்று விரித்துப் போட்டு
தின்னரில் என் கையைக் கழுவுகிறேன்.
நகக்கண்ணில் நிற்கிற கறுப்பு போகவில்லை.
இதற்கு எந்த ற என்பதில்
எனக்குச் சந்தேகமில்லை.

போன். நாகு.
"முழிச்சுத்தான் இருக்கியா?
அந்தப் பழைய படத்த அழிச்சிறலையே?"
"இல்லண்ணே."
"ரெண்டு நாள்ல கரை மாத்துற மாதிரி இருக்கும்."
"என்ன கலர்ணே?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
யாரையோ கேட்கிறான்.
"இன்னும் முடிவாகல.
நீ எல்லாத்துலயும் ஒண்ணு
போட்டு வையி."